சனிக்கிழமைச் சம்பளமும் கல்வி உதவித்தொகையும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு அம்மா பள்ளிக்கு வந்தார். பல்லடம் பக்கம் விசைத்தறிக் குடோனில் தார் சுற்றுகிற வேலை. மகள் 412 மார்க். பிரிண்ட் எடுத்த மார்க் தாளை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்திருந்தார். அதை எடுத்து என் மேசைமேல் நீவி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் டீச்சர், புள்ளய மேல படிக்க வெச்சா கவர்மெண்டு எவ்வளவு குடுக்குமுங்க? கம்பெனிக்குப் போனா சனிக்கெழம சம்பளம் வந்துருமுங்க."

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. எங்கள் கொங்கு நாட்டில் வேலைக்குப் பஞ்சம் கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனி, சோமனூரில் தறி, உடுமலைப் பக்கம் நூல் மில், பொள்ளாச்சியில் கயிறு. பிசிறு வெட்டவும் கைமடிக்கவும் ஆள் வேண்டும் என்று எப்போதும் எங்காவது ஒரு போர்டு தொங்கும். மூன்று வருடம் மில்லில் இருந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களைச் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்' இந்தப் பக்கத்தில் எத்தனை வகுப்பறைகளைக் காலி செய்தது என்பது எங்களுக்குத் தெரியும். மற்ற இடங்களில் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது வறுமை. இங்கே வறுமையோடு வாரக்கூலியும் சேர்ந்து நிறுத்துகிறது.

அதனால் அரசின் கல்வி உதவித்தொகை என்றால் என்ன என்பதை அந்தக் கூலியிலிருந்தே தொடங்கி விளக்குகிறேன்.

ஒரு பிள்ளை படித்தால் வீட்டுக்கு இரண்டு வகையில் பணம் போகிறது. ஒன்று, பள்ளிக்கோ கல்லூரிக்கோ கட்டுகிற கட்டணம். இன்னொன்று, அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலி, கூடவே பஸ், நோட்டு, சாப்பாடு. வசதியான வீட்டில் இரண்டாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏழை வீட்டில் அதுதான் பெரிய கணக்கு. உதவித்தொகையும் இதே போல இரண்டு பாகமாக இருக்கிறது: கட்டணத்தைத் திருப்பித் தருவது ஒன்று, பராமரிப்புப் படி என்று மாணவர் கைக்குத் தருவது இன்னொன்று. "ஸ்காலர்ஷிப் வந்துச்சா?" என்று கேட்கும்போது இதில் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இட ஒதுக்கீட்டையும் உதவித்தொகையையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இட ஒதுக்கீடு சீட் வாங்கித் தரும். அந்த சீட்டில் மூன்று நான்கு ஆண்டு உட்கார்ந்து படிக்கப் பணம் வேண்டுமே, அதற்குத்தான் உதவித்தொகை. அம்பேத்கர் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா சமஸ்தானம் தந்த உதவித்தொகையில். மாதம் 11.50 பவுண்டு, மூன்று ஆண்டுக்கு. அவர் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தபோது, 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் 'போஸ்ட் மெட்ரிக்' என்று சொல்லி வாங்குவது அதன் தொடர்ச்சிதான். மெட்ரிக் என்றால் பத்தாம் வகுப்பு. பத்து முடிக்கும் முன் கிடைப்பது ப்ரீ மெட்ரிக், முடித்த பின் கிடைப்பது போஸ்ட் மெட்ரிக். இந்த இரண்டு சொல்லும் புரிந்துவிட்டால் பாதி விண்ணப்பம் புரிந்த மாதிரி.

சரி, யாருக்கு என்ன?

எஸ்.சி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கிட்டுக்கொள்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பராமரிப்புப் படி படிப்பைப் பொறுத்தது. 2021 விதிப்படி, வீட்டிலிருந்து போய்வரும் மாணவருக்கு, பிளஸ் ஒன், பிளஸ் டூ, ஐடிஐ, பாலிடெக்னிக் என்றால் ஆண்டுக்கு 2,500 ரூபாய். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்றால் 3,000. இன்ஜினியரிங், மருத்துவம் மாதிரி தொழிற்படிப்பு என்றால் 7,000. விடுதியில் தங்கிப் படித்தால் இது கூடும். தொழிற்படிப்புக்கு 13,500 வரை போகும். கட்டணம் இதற்கு வெளியே, தனி. ஒன்பது, பத்து படிக்கும் எஸ்.சி. பிள்ளைகளுக்கு ப்ரீ மெட்ரிக்கில் வீட்டிலிருந்து வந்தால் 3,500, விடுதி என்றால் 7,000.

கொங்குப் பகுதியில் அருந்ததியர் மக்கள் அதிகம். எஸ்.சி. ஒதுக்கீட்டுக்குள்ளேயே 2009இல் தமிழ்நாடு கொடுத்த 3 சதவீத உள் ஒதுக்கீடு அவர்களுக்கானது. அதனால் சான்றிதழில் எஸ்.சி. (ஏ) என்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கு எஸ்.சி.யும் எஸ்.சி. (ஏ)வும் ஒன்றுதான் என்றாலும், அதே சான்றிதழை வைத்துத்தான் நாளைக்கு கவுன்சிலிங்குக்கும் வேலைக்கும் போக வேண்டும்.

இன்னொரு குழப்பம், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்களில். மத்தியப் பட்டியலில் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே எஸ்.சி. ஆனால் தமிழ்நாடு அரசு மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தன் சொந்தப் பணத்தில் உதவித்தொகை தருகிறது. "நாங்க சர்ச்சுக்குப் போறோம், எங்களுக்கு இல்லீங்க" என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இருக்கிறது. கேளுங்கள்.

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் பிள்ளைகளுக்கு மாநிலத்தில் தனித் துறை இருக்கிறது. இங்கும் வருமான வரம்பு 2.5 லட்சம். கொங்கு வேளாளர் 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். காடு மேடு எல்லாம் போய் கூலிக்கு வந்துவிட்ட குடும்பம் என்றால் "நமக்கெதுக்குங்க அது" என்று கூச்சப்பட வேண்டாம்.

சிறுபான்மையினர் என்று மத்திய அரசு அறிவித்திருப்பது ஆறு மதத்தவர்: முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, 2014 முதல் சமணரும். முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் அறிக்கை வந்ததை ஒட்டி இவர்களுக்காக மூன்று திட்டங்கள் வந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கான ப்ரீ மெட்ரிக், அதற்கு வருமான வரம்பு 1 லட்சம். போஸ்ட் மெட்ரிக், 2 லட்சம். தொழிற்படிப்புக்கான மெரிட் கம் மீன்ஸ், 2.5 லட்சம், கட்டணத்துக்கு ஆண்டுக்கு 20,000 வரை. முந்தின ஆண்டு 50 சதவீத மார்க் வேண்டும். இதில் 30 சதவீதம் பெண்பிள்ளைகளுக்கு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தந்துகொண்டிருந்ததை 2022இல் நிறுத்திவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டு வரை இலவசம்தானே என்பது சொன்ன காரணம். வகுப்பு இலவசம் சரி. நோட்டு, ஷூ, ஆட்டோக் காசு? அந்த முடிவு தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். மற்றவற்றுக்கும், அந்தந்த ஆண்டு போர்ட்டலில் புது விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் சான்றிதழுக்கு அலையுங்கள்.

கோவை கோட்டைமேட்டிலோ கரும்புக்கடையிலோ இருக்கும் ஒரு ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பி.சி. முஸ்லிம் பட்டியலில் வருவதால், சிறுபான்மைத் திட்டம் மூடியிருந்தாலும் மாநில பி.சி. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே ஆண்டில் இரண்டிலும் வாங்க முடியாது. ஏதாவது ஒன்றில் வாங்கலாம்.

சாதி எதுவும் பார்க்காமல் வருமானத்தையும் திறமையையும் மட்டும் பார்ப்பது என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. அரசு, உதவிபெறும் பள்ளியில் எட்டாவது படிக்கும்போது எழுத வேண்டும். ஜெயித்தால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000. வருமான வரம்பு 3.5 லட்சம். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். எட்டாவதைத் தவறவிட்டால் மறுவாய்ப்பு இல்லை.

அப்புறம் மாநிலத்தின் மாதம் 1,000. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துவிட்டுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ என்று எதில் சேர்ந்தாலும் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். 2024 ஆகஸ்ட் 9இல் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். சாதி, வருமானம் கேட்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைக் கூடவே வாங்கலாம்.

அந்த அம்மாவுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக்கில், பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் ஆண்டுக்கு 2,500. புத்தகம், பஸ் பாஸ், சைக்கிள் அரசே தருகிறது. பி.எஸ்சி. சேர்ந்தால் 3,000, கூட மாதம் ஆயிரம் வீதம் 12,000, ஆக 15,000. இன்ஜினியரிங் என்றால் கட்டணம் போக 19,000. நாள் கூலியோடு இது ஈடாகாது. அதை மறைக்காமல் அவரிடமே சொன்னேன். "ஆனா பட்டம் வாங்கின பிற்பாடு இந்தப் புள்ள பிசிறு வெட்டப் போக வேண்டியதில்லீங்கக்கா" என்றேன். அவர் தாளை மடித்து, மார்க் தாளோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

இந்த 2.5 லட்சம் வரம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள், ஆளுக்கு நாள் 500 ரூபாய், மாதம் 26 நாள் என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3.12 லட்சம். வாடகை வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் அந்தக் குடும்பம் காகிதத்தில் 'ஏழை இல்லை' என்றாகிவிடுகிறது. விலைவாசி எங்கேயோ போன பிறகும் எஸ்.சி. திட்டத்தின் வரம்பு பத்து ஆண்டுக்கு மேலாக அதே இடத்தில் நிற்கிறது. உயர்த்தத்தான் வேண்டும். அதுவரை ஒன்று செய்யலாம்: ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடியிருக்கும் மாதங்களையும் சேர்த்து உண்மையான வருமானத்தைச் சொல்லுங்கள். ஓவர்டைம் போட்ட ஒரு நல்ல வாரத்தை வைத்து ஆண்டு முழுக்கப் பெருக்கிச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி சான்றிதழ். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கொரு சான்று. எல்லாமே இ-சேவை மையத்தில். முதல் தடவை போகும்போது உங்கள் பெயரில் கேன் நம்பர் என்று ஒரு பதிவு எண் போடுவார்கள், அதைக் குறித்து வையுங்கள். கட்டணம் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று போய் வரும். பழங்குடிச் சான்று மட்டும் கோட்டாட்சியரிடம் போகும், அதற்கு நாள் பிடிக்கும். ஜூனில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். மே மாதமே போய்விடுங்கள்.

பழங்குடிச் சான்று என்றதும் என் மனசு பர்கூர் மலைக்குப் போய்விடும். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கும் மலையாளி இன மக்கள், அதாவது கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆளும் தமிழ் பேசும் மக்கள், பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளி மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் அந்த இனத்தின் பெயர் மாவட்டப் பெயர்களோடு எழுதப்பட்டிருப்பதுதான் காரணம்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது, அதனால் தப்பித்தது. கோவையும் ஈரோடும் அந்த வரியில் இல்லை. ஒரே மலைவாழ்வு, ஒரே சொந்தபந்தம். இந்த மலைப் பிள்ளைக்கு எஸ்.டி. உதவித்தொகை உண்டு, அந்த மலைப் பிள்ளைக்கு இல்லை. பட்டியலை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். முடியாத காரியம் இல்லை. நரிக்குறவர் மக்களை அப்படித்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். பர்கூர்ப் பிள்ளைகளுக்கும் அது நடக்க வேண்டும்.

பெயர். இதில்தான் விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. பள்ளிப் பதிவில் 'மா. கவிதா'. ஆதாரில் 'கவிதா மாரப்பன்'. பாஸ்புக்கில் 'கவிதா எம்'. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை, கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஒன்பதாம் வகுப்பிலேயே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன அச்சாகிறதோ அதுதான் காலத்துக்கும் நிற்கும், அதை வைத்து மற்றதைத் திருத்துவது சுலபம்.

பேங்க் கணக்கு. பணம் விண்ணப்பத்தில் எழுதும் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. ஒருவருக்கு நான்கு பேங்கில் கணக்கு இருக்கலாம். கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரைப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தோமோ, அதற்குத்தான் வரும். எங்கள் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் ஒரு பையன், "எட்டு மாசமா ஸ்காலர்ஷிப் வரலீங்க டீச்சர்" என்று வந்தான். கேட்டுக்கொண்டே போனதில் விஷயம் தெரிந்தது. லீவில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறான், சம்பளத்துக்காக அவர்களே ஒரு கணக்குத் திறந்து ஆதாரை இணைத்திருக்கிறார்கள். வேலையை விட்டபோது ஏடிஎம் கார்டையும் எங்கேயோ போட்டுவிட்டான். உதவித்தொகை முழுக்க அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. மைஆதார் இணையதளத்தில் எந்த பேங்க் இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. கணக்கே இல்லாத பிள்ளைக்குத் தபால் ஆபீஸ் பேமெண்ட்ஸ் பேங்க் நல்லது. தபால்காரரே கைரேகை வைத்துத் திறந்து கொடுப்பார்.

பிளஸ் டூ முடிக்கும் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் காலேஜ் பஸ் போகாத ஊர் இல்லை. ரிசல்ட் வந்ததும் வீடு தேடி ஆள் வரும். "சீட் இப்பவே உறுதி பண்ணிக்குங்க, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்" என்பார்கள். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் கிடையாது, விதியில் தெளிவாக இருக்கிறது. கவுன்சிலிங் வழியாக, அரசு ஒதுக்கீட்டில் அதே கல்லூரிக்குப் போனால் உண்டு. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி., மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் அரசாணை 92 வந்தது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டாலே அலுவலகத்தில் பேச்சு மாறும். மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுவதும் கவுன்சிலிங் வழியாகத்தான். அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பம் போடுவது பெரிய வித்தை இல்லை. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைக்கு மாநில அரசின் போர்ட்டல். சிறுபான்மையினர் திட்டங்களுக்கும் என்எம்எம்எஸ்ஸுக்கும் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல். போட்டுவிட்டு மறந்துவிடுவதில்தான் தவறு நடக்கிறது. விண்ணப்பம் முதலில் பள்ளி அல்லது கல்லூரியில் சரிபார்க்கப்பட்டு, பிறகு மாவட்டத்துக்குப் போகும். நடுவில் ஏதாவது தெளிவில்லை என்றால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அது மாணவரின் லாகினில் வந்து நிற்கும். எஸ்எம்எஸ் போவது மையத்துக்காரர் போட்ட ஏதோ ஒரு நம்பருக்கு. அதனால் மாதம் இரண்டு தடவையாவது ஸ்டேட்டஸ் பாருங்கள், உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். ஒரு ஆண்டு வந்தால் மறு ஆண்டு தானாக வரும் என்றும் இருந்துவிட வேண்டாம். ரினியூவல் போட வேண்டும். என்எம்எம்எஸ் வாங்கும் பிள்ளை பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் பிளஸ் ஒன்னிலும் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 55.

அந்த அம்மாவின் மகள் பிளஸ் ஒன் சேர்ந்தாள். மறுபடி அவர் பள்ளிக்கு வந்தது அடுத்த ஆண்டு, கொஞ்சம் கோபமாக.

"ரெண்டாயிரத்தி ஐநூறுன்னீங்களே டீச்சர், ஆயிரந்தான் வந்திருக்குதுங்க. மிச்சத்த ஆராச்சும் எடுத்துக்கிட்டாங்களா?"

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். ஆயிரம், மாநிலத்தின் 40 பங்கு. மத்திய அரசின் 60 பங்கு தனியாக, பின்னால் வரும் என்று சொல்லி அனுப்பினேன். சில வாரம் கழித்து வந்து அதே பக்கத்தைத் திறந்து காட்டினார். கீழே இன்னொரு வரி, 1,500. அதன்மேல் விரலை வைத்து ஒரு தடவை தடவிவிட்டுப் பாஸ்புக்கை மூடினார்.

"சின்னவன் இப்ப எட்டாவதுங்க. என்னமோ பரிச்சைன்னீங்களே, அதுக்கு எப்பங்க எழுதிப் போடோணும்?"